உப்புப் போட்ட காகிதப் பூக்கள்

"தெரியாது" என்ற வார்த்தையை என் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறேன். சொல்ல வைத்தது ஒரு கிறிஸ்துமஸ். அன்றைக்கு மழை பெய்தது வெளியே. நனைந்ததெல்லாம் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தவர்கள். அதற்கு வானத்தைக் குறை சொல்ல முடியாது. காரணம் நான்தான்.

அப்போது எனக்கு அறுபத்திரண்டு வயது. இளரத்தம், சொன்ன பேச்சைக் கேட்காது. (இப்போது அறுபத்தொன்பது. நிதானம் வந்துவிட்டது என்று நானே சொல்லிக்கொள்கிறேன். வேறு யாரும் சொல்லவில்லை.)

நான் மரக்காணம் உப்பளத்தில் பன்னிரண்டு வயதில் இறங்கினவள். பாத்தி மிதிப்பது, உப்பு வாருவது, கூடை சுமப்பது எல்லாம் எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. படிப்புதான் கொஞ்சம் தகராறு. என் பேரை எழுதுவேன், பஸ்ஸின் பலகையைப் படிப்பேன். யாராவது அவசரப்படுத்தினால் இரண்டும் வராது. இதைக்கூட நோட்டில் மெதுவாக எழுதி, என் மகள் ஜான்சியிடம் பிழை திருத்தக் கொடுத்தேன். அவள் பிழையோடு நிற்காமல் விஷயத்தையும் திருத்த வந்தாள். கையைத் தட்டிவிட்டேன்.

ஜான்சிதான் எங்களுக்கு ஒரே பெண். நர்ஸ் படிப்பு முடித்தவள். அந்த வருடம்தான் அவளைக் குயிலாப்பாளையத்தில் கொடுத்தோம். மாப்பிள்ளை அமல் தங்கமான பிள்ளை. அவருடைய அம்மா பிலோமினா, என் சம்பந்தியம்மா, அங்கே ஒரு கடை வைத்திருக்கிறார். காகிதத்தில் செய்த விளக்குக் கூண்டு, காகித ஸ்டார், காகிதப் பூ. வெள்ளைக்காரர்கள் வந்து அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்து "ஆ" என்பார்கள். காகிதத்துக்கு என்ன ஆ?

கல்யாணம் பேச எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அந்த அம்மாள் நாலு சுவரையும் சுற்றிப் பார்த்தார். நான் சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்று வைத்திருந்தேன்.

"உப்பளத்துக்காரங்க வீடு, உப்பு மாதிரியே வெள்ளையா இருக்குது. ஒரு கலர் கூட காணமே?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். உள்ளே மட்டும் ஒன்று சுருக்கென்று குத்தி அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

முதல் கிறிஸ்துமஸுக்குப் பெண் வீட்டில் விருந்து. தலைக் கிறிஸ்துமஸ். சம்பந்தி வீட்டாரும் வருகிறார்கள் என்று தகவல் வந்ததும் நான் முடிவு செய்துவிட்டேன். கலர்தானே கேட்டீர்கள்? இருங்கள்.

ஜான்சி ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட்டாள். வந்ததும் என்னையும் அவள் அப்பாவையும் உட்கார வைத்து ஒரு ரகசியம் சொன்னாள். பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளுக்கு நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. சேருகிறாளா இல்லையா என்று பண்டிகை முடிந்ததும் பதில் சொல்ல வேண்டும். மாமியாருக்கோ மருமகள் கடையில் உட்கார வேண்டும் என்று ஆசை.

"கிறிஸ்துமஸ் அன்னிக்கு அத்தை நல்லா சாப்புட்டு சந்தோஷமா இருக்கும்போது அப்பா மெதுவா பேச்செடுக்கட்டும். அம்மா, நீ வாயத் தொறக்காத. கையையும் சும்மா வச்சிக்க."

"நான் இன்னா பண்ணப் போறேன்?" என்றேன்.

"நீ இன்னா பண்ணுவன்னு தெரியாமதாம்மா பயமா இருக்குது."

என் வீட்டுக்காரர் சூசைக்கு அன்றையிலிருந்து அதே வேலை. "சம்பந்தி, பாப்பா வேலை விஷயமா ஒரு வார்த்தை..." என்று ஆட்டுக்குக் கீரை போடும்போதும் சொல்லிப் பார்ப்பார், பல் விளக்கும்போதும் சொல்லிப் பார்ப்பார். ஆடு இரண்டு தடவை தலையாட்டியதாம். அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டார்.

நான் கடைத்தெருவுக்குப் போய் கிரேப் பேப்பர் வாங்கினேன். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், ரோஸ். "எத்தனை சுருள் வேணும் ஆயா?" என்று கடைக்காரர் கேட்டார். "இருக்கறதெல்லாம் குடு" என்றேன். "ஸ்கூல் ஆண்டு விழாவா?" என்றார். "எங்க சம்பந்திக்கு" என்றேன். அவர் சுருளை எண்ண ஆரம்பித்தார்.

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்தியெல்லாம் தண்ணீரில் முங்கிக் கிடக்கும். அதனால் எனக்கு நேரம் நிறைய. போனில் யாரோ ஒரு பெண் காகிதப் பூ செய்து காட்டினாள். வாசிக்க வேண்டிய அவசியமில்லை, பார்த்தால் போதும். மடி, வெட்டு, விரி, ஒட்டு. முதல் பூ முட்டைகோஸ் மாதிரி வந்தது. இரண்டாவதும் முட்டைகோஸ்தான், ஆனால் நல்ல முட்டைகோஸ். பத்தாவதில் ரோஜா வந்துவிட்டது. (சூசை அதையும் முட்டைகோஸ் என்றார். அவருக்குக் கண்புரை இருந்தது. ஆபரேஷன் ஆன பிறகும் அப்படியேதான் சொல்கிறார் என்பது வேறு விஷயம்.)

பிறகு சங்கிலி. வளையத்துக்குள் வளையம் விட்டு, கூடத்தின் நடுவில் ஃபேன் தொங்கும் கொக்கியிலிருந்து நாலு மூலைக்கும் நாலு வரிசை. நடுவில் பெரிய பூப்பந்து ஒன்று, பூசணிக்காய் அளவு.

இதற்கெல்லாம் பசை வேண்டுமே. மைதா மாவைக் காய்ச்சினேன். இங்கேதான் என் புத்தி வேலை செய்தது.

முந்தின வருடம் நாங்கள் ஒட்டிய ஸ்டாரைக் கரப்பான்பூச்சி இரண்டே நாளில் தின்றுவிட்டிருந்தது. பசை ருசிக்குத்தான் வருகிறது. போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். அது என்னிடம் இல்லை. ஆனால் உப்பு இருக்கிறதே? மீனில் போட்டால் கருவாடு, மாங்காயில் போட்டால் ஊறுகாய். மீனையும் மாங்காயையும் கெடாமல் காப்பாற்றுகிற உப்பு, நாலு காகிதத்தைக் காப்பாற்றாதா? பாத்தியிலிருந்து கொண்டு வந்து வைத்திருந்த கழுவாத உப்பில் நாலு கை அள்ளிப் பசையில் போட்டுக் கிளறினேன். அதோடு விட்டிருக்கலாம். உப்பைப் பொடித்துப் பூவின் மேலெல்லாம் தூவியும் விட்டேன். மழை நாலு நாளாக விட்டிருந்தது, நல்ல வெயில். காய்ந்ததும் பூவெல்லாம் மினுமினுவென்று மின்னியது. எந்தக் கடை ஜிகினாவும் அதற்கு ஈடாகாது. ஒரு கரப்பான் கிட்ட வரவில்லை.

"இன்னாம்மா இவ்ளோ மின்னுது?" என்றாள் ஜான்சி.

"தொழில் ரகசியம்" என்றேன்.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஐம்பது வருடமாக ஐப்பசி வருவதற்கு முன்னால் நான் செய்கிற வேலை என்ன? உப்புக் குவியலைக் கீற்றுப் போட்டு மூடுவது. ஏன் மூடுகிறோம்? மழை பட்டால் கரையும். மழை படாவிட்டாலும் ஈரக்காற்றுக்கே கசியும், தண்ணீர் விடும். சமையலறை ஜாடியில் உப்பு மழைக்காலத்தில் சொதசொதவென்று ஆவது ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஐம்பது வருடம் மழைக்குப் பயந்து உப்பை மூடி வைத்தவள், மார்கழி மாதத்தில் அதே உப்பை எடுத்து சம்பந்தி தலைக்கு நேராகக் கட்டித் தொங்கவிட்டேன். அந்த நாலு நாள் என் மூளை எங்கே போயிருந்தது என்று கேட்காதீர்கள். குயிலாப்பாளையத்துக்குப் போயிருந்தது, அந்த அம்மாளின் முகம் எப்படி மாறப் போகிறது என்று பார்க்க.

கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசை முடிந்து வெளியே வரும்போதே கடல் பக்கம் கருத்துவிட்டது. பதினொரு மணிக்கு ஆட்டோ வந்து நின்றபோது கொட்டுகிற மழை. சம்பந்தியம்மா வெள்ளைப் பட்டுப் புடவை. அமலுக்கு வெள்ளைச் சட்டை. சம்பந்தி ஐயாவுக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பளபளக்கும் வழுக்கைத் தலை. குடும்பத்தோடு சொல்லி வைத்த மாதிரி வந்திருந்தார்கள். ஆண்டவருக்கும் விளையாட்டுப் புத்தி உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

சம்பந்தியம்மா கூடத்தில் கால் வைத்ததும் நிமிர்ந்து பார்த்தார். முகம் மாறியது. சத்தியமாக மாறியது. நான் எதற்கு ஆசைப்பட்டேனோ அதே மாதிரி.

"அண்ணி! யார் செஞ்சது இதெல்லாம்?"

"நான்தான். சும்மா, பொழுது போகலன்னு."

"என் கடையில கூட இப்புடி மின்னாது."

அந்த ஒரு வார்த்தையோடு என் கதையை முடித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான்.

பூப்பந்துக்கு நேர் கீழே நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தேன். நல்ல இடம் என்று. மழைக்காகக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியாகிவிட்டது. பக்கத்திலேயே அடுப்பில் பிரியாணி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கூடமே இட்லிப் பானை மாதிரி புழுங்கியது. சாப்பாட்டுக்கு அங்கேயே பாய் விரித்து இலை போட்டோம். பரிமாறினோம்.

முதல் சொட்டு சம்பந்தி ஐயாவின் வழுக்கையில் விழுந்தது. பச்சை. அவர் தடவினார். தலை முழுக்கப் பச்சையானது. அவருக்குத் தெரியாது, தெரிந்த எங்களுக்குச் சொல்ல வாய் வரவில்லை.

இரண்டாவது சொட்டு தயிர்ப் பச்சடியில் விழுந்து ரோஸ் கலராகப் பரவியது. ஐயா அதை எடுத்துப் போட்டுக்கொண்டு, "பீட்ரூட்டா?" என்று கேட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"ஆமாங்க" என்றேன்.

மூன்றாவது சொட்டு சம்பந்தியம்மாவின் தோளில். நீலம். "மேல ஒழுகுதா?" என்றார்.

வீட்டுக்காரர்மேல் பழியைப் போடுவது என்னுடைய பழைய வழக்கம். "யோவ், தளம் பூசு பூசுன்னு எத்தன வருஷமா சொல்றேன்!" என்று பாய்ந்தேன்.

"போன மாசந்தான் பூசுனேன் சவரி."

"பூசுன லட்சணம் தெரியுது!"

பாவம், அமல் சாப்பாட்டிலிருந்து எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓட்டை தேடப் போனார். தலைக் கிறிஸ்துமஸுக்கு வந்த மாப்பிள்ளை. மேலே அவர் தொம் தொம் என்று நடப்பது கேட்டது. "ஓட்டை எதுவும் இல்ல அத்தை!" என்று மழைக்குள்ளிருந்து கத்தினார். "நல்லா பாருங்க மாப்ள, இருக்கும்!" என்று நான் கீழேயிருந்து கத்தினேன். (அதற்குள் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சங்கிலியெல்லாம் வியர்த்துப் போய்த் தொய்ந்து தொங்கியது. இருந்தாலும் ஒரு ஓட்டையாவது கிடைக்காதா என்று ஒரு நப்பாசை.)

அப்போது சம்பந்தி ஐயாவின் தலையிலிருந்து பச்சைத் தண்ணீர் நெற்றி வழியாக இறங்கி மீசைக்கு வந்தது. நாக்கை நீட்டி நக்கினார். யோசித்தார். இன்னொரு தடவை நக்கினார்.

"மழைத் தண்ணி இல்ல" என்றார். "உப்பு கரிக்குது."

எல்லாரும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் உப்பு என்றால் வேறு யாரைப் பார்ப்பார்கள்?

"அம்மா" என்றாள் ஜான்சி.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. ஃபேனப் போட்டா காஞ்சிடும்" என்று நானே எழுந்து போய் சுவிட்சைத் தட்டினேன். என் கையால். ஐந்தில் வைத்து.

ஈரத்தில் தொய்ந்த சங்கிலி நாலும் ஃபேன் இறக்கையில் போய்ச் சுற்றிக்கொண்டன. பூப்பந்தையும் இழுத்துக்கொண்டன. ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் ஐந்து கலரும் நாலு சுவருக்கும் பறந்தன. எங்கள் ஊர்த் திருவிழாவில் முறைப் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அதையெல்லாம் ஒரு வருடத்துக்குச் சேர்த்து வைத்து ஒரே நிமிடத்தில் ஊற்றின மாதிரி இருந்தது. சுண்ணாம்புச் சுவர், இலை, பிரியாணி, கிறிஸ்துமஸ் குடிலில் வைத்திருந்த மண் ஆட்டுக்குட்டி, ஒன்று பாக்கியில்லை. மாடியிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்த அமல் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மழையில் நின்றவர் சட்டை ஒன்றுதான் வெள்ளையாக இருந்தது.

பூப்பந்து கடைசியாகப் பிய்த்துக்கொண்டு போய் சம்பந்தியம்மாவின் முகத்தில் சப்பென்று ஒட்டியது.

"கண்ணு! என் கண்ணு எரியுதே!"

சூசை சுவிட்சை அணைத்தார். நான் சிலையாக நின்றேன். ஐம்பது வருடமாகக் கண்ணில் உப்புத் தண்ணீர் பட்டுப் பழகிய எனக்கு, ஒரு செம்புத் தண்ணீர் எடுக்கக்கூடக் கை வரவில்லை.

ஜான்சி அசந்துபோய் நிற்கவில்லை. ஒரே தாவில் வந்து மாமியாரைப் பாயில் சாய்த்துத் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் குரலே மாறிவிட்டது. "அத்தை, கையை எடுங்க. தேய்க்கக் கூடாது. எடுங்கன்னு சொல்றேன்ல? அம்மா, நல்ல தண்ணி. குடத்துத் தண்ணி. அப்பா, ஜன்னலத் தொறங்க, வெளிச்சம் வரட்டும். அமல், ஓரமா நில்லுங்க. அத்தை, மேல பாருங்க. இப்ப இந்தப் பக்கம்." பெரியவர் சின்னவர் பார்க்காமல் எல்லாரையும் வேலை வாங்கினாள். எல்லாரும் செய்தோம். குயிலாப்பாளையத்தில் அந்த அம்மாளை அதட்டிய ஆள் அதுவரை பிறக்கவில்லை என்று கேள்வி. அவர் சின்னப் பிள்ளை மாதிரி மேலே பார் என்றால் பார்த்தார், மூடு என்றால் மூடினார்.

கண் தெளிந்தது. ஆனால் முதலில் அது தேடியது என்னைத்தான்.

"அண்ணி, பசையில உப்பா போட்டீங்க?"

"ஆமா."

"பொறந்ததுலேர்ந்து உப்பளத்துல இருக்கிறீங்க. மழையில உப்பு கசியும்னு உங்களுக்குத் தெரியாதா?"

ஒரு சொட்டு விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. (நீலம்.)

யோசித்துப் பாருங்கள் என் நிலைமையை. தெரியும் என்றால், கலர் இல்லை என்று சொன்னதற்குத் திட்டம் போட்டுப் பழிவாங்கினேன் என்று ஆகிவிடும். ஜான்சியின் வேலை அந்த நிமிடமே போய்விடும். தெரியாது என்றால், ஐம்பது வருடம் உப்பில் நின்ற என் காலுக்கு என்ன மரியாதை? ஜான்சியின் முகத்தைப் பார்த்தேன். கன்னத்தில் ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் ரோஸ், நடுவில் கண் இரண்டும் கெஞ்சின.

"தெரியாது அண்ணி" என்றேன்.

என் ஆயுளில் ஒரே ஒரு தடவை சொன்ன தெரியாது. அதுவும் பொய்.

சூசைக்கு எப்போதும் ஒரு நல்ல குணம். ஒன்றை மனப்பாடம் செய்துவிட்டால் சொல்லாமல் விட மாட்டார். யாரும் பேசாமல் இருந்த அந்த நேரத்தைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார்.

"சம்பந்தி, பாப்பா வேலை விஷயமா ஒரு வார்த்தை..."

"யோவ்!" என்றேன் நான்.

"அப்பா!" என்றாள் ஜான்சி.

"சாப்புட்டதுக்கு அப்புறம்னுதானே சொன்னீங்க? இனிமே யாரு சாப்புடப் போறாங்க?" என்றார் அவர்.

சம்பந்தியம்மா மருமகளின் மடியிலிருந்து எழுந்திருக்காமலே, "இன்னா வேலை?" என்றார். ஜான்சி தயங்கித் தயங்கிச் சொன்னாள். அந்த அம்மாள் தலையைச் சாய்த்துத் தன் புடவையைப் பார்த்தார். பச்சை வழுக்கையோடு இருந்த புருஷனைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். என்னை ரொம்ப நேரம் பார்த்தார்.

"போகட்டும்" என்றார். "உங்க வீட்டுக்கு வந்து போற குடும்பத்துல ஒரு நர்ஸ் இல்லாம முடியாது."

முதலில் சிரித்தது சம்பந்தி ஐயா. சத்தமே இல்லாமல் வயிறு குலுங்கியது. பிறகு அமல். பிறகு யார் எப்போது என்று தெரியவில்லை. நான் மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சேர்ந்துகொண்டேன்.

ஜான்சி அந்த வேலையில்தான் இன்னமும் இருக்கிறாள். பசையில் உப்பு போடாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்று நான் கேட்பேன். வீட்டில் எல்லாரும் சுவரைக் காட்டுவார்கள். சுவரில் இரண்டு கோட் அடித்தும் அந்த நீலம் மட்டும் இன்னும் லேசாகத் தெரிகிறது.

ஆனால் சம்பந்தியம்மா விடவில்லை. ஏழு வருடமாக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஆட்டோவிலிருந்து இறங்குவார், மழையோ வெயிலோ குடையை மடக்கியே கொண்டு வருவார். வாசற்படியில் நின்று கூடத்தை அண்ணாந்து பார்ப்பார். பிறகு உள்ளே வந்து குடையை விரிப்பார். காபி வரும்வரை கூடத்தில் குடை பிடித்தபடியே உட்கார்ந்திருப்பார். பின்னாலேயே ஐயா, தலைக்கு ஒரு துண்டு. ஜான்சியின் மகளுக்கு அஞ்சு வயது. கிறிஸ்துமஸ் என்றால் வீட்டுக்குள் குடை பிடிக்கிற பண்டிகை என்றுதான் ஸ்கூலில் சொல்லி வைத்திருக்கிறாள்.

இந்த வருடம் சம்பந்தியம்மா தன் கடையிலிருந்து ஒரு சின்னக் காகிதக் குடை செய்து கொண்டு வந்து, எங்கள் குடிலில் குழந்தை இயேசுவின் தலைக்கு மேல் நட்டு வைத்துவிட்டார். "இவரு வேற இந்த வீட்டுலதான் பொறந்துக்கிறாரு, பாவம்" என்றார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவர்கள் சாப்பிட உட்கார்ந்ததும் நான் குடில் பக்கம் போனேன். நல்ல வேலைப்பாடுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். யாரும் பார்க்காதபோது குடையின் ஓரத்தில் பசையைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

சப்பென்று இருந்தது. ஒரு கல்லு போட்டிருக்கலாம்.